சிறு ஆட்டுப் பண்ணைக்கு மின்னணுத் தொங்கு தராசு: ஒரு மதிப்பீடு

வளர்ப்புச் செலவில் பெரும்பங்கு தீவனத்துக்கே போய்விடுவதால், கண்மதிப்பில் விற்கும்போது ஓர் ஆட்டுக்கு இரண்டு கிலோ குறைத்து மதிப்பிடப்பட்டாலும் சிறு பண்ணையாளருக்கு எஞ்சும் லாபம் கரைந்துவிடுகிறது. நான் பயன்படுத்திவரும் மின்னணுத் தொங்கு தராசு இந்த இழப்பைத் தடுக்கிறது. வயிற்றுக்கடியில் பட்டையைக் கொடுத்துத் தூக்கியதும் குட்டி உதைத்தாலும், எண் சில நொடிகளில் நிலைத்துவிடுகிறது. காலையில் தீவனமும் தண்ணீரும் காட்டுவதற்கு முன் எடுக்கும் எடையே நம்பத்தக்கது. மாதந்தோறும் குறித்துவந்தால், தின்ற தீவனத்துக்கு ஈடாக வளராத கிடாயை எப்போது கழிப்பது என்பதும், குடற்புழு நீக்க மருந்தை எந்த அளவில் கொடுப்பது என்பதும் தெளிவாகின்றன. பட்டையின் தையல் மட்டும் பலவீனமாக இருக்கிறது. சினையாடுகளை இதில் தூக்கவே கூடாது; அவற்றுக்கு, விலை கூடுதலானாலும், மேடைத் தராசே ஏற்றது.