பினாங்கா, கோலாலம்பூரா, கனடாவா: ஃபிகர் ஸ்கேட்டிங் பயிலும் பிள்ளைக்கு எந்த ஐஸ்?

என் மகளுக்குப் பதினோரு வயது. புக்கிட் மெர்தாஜாம் வட்டாரத்தில் ஒரு தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படிக்கிறாள். பனித்தளத்தில் இசைக்கேற்பத் தாவியும் சுழன்றும் ஆடும் ஃபிகர் ஸ்கேட்டிங்கை மூன்று ஆண்டுகளாகப் பயில்கிறாள். ஒற்றைச் சுற்றுத் தாவல்கள் ஐந்தும் அவளுக்குக் கைவந்துவிட்டன. இப்போது ஆறாவதான ஆக்ஸல் தாவலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறாள். பினாங்கிலும் கெடாவிலும் இந்த விளையாட்டில் பிள்ளைகளை ஈடுபடுத்தியிருக்கும் பெற்றோர் நான்கு பேர் கூடினால் பேச்சு எப்படியும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கிறது. உள்ளூர்த் தளத்திலேயே தொடர்வதா, தாயும் பிள்ளையுமாகக் கோலாலம்பூருக்குக் குடிபெயர்வதா, அல்லது கடனை வாங்கியாவது வெளிநாட்டுக்கு அனுப்பிவிடுவதா என்பதே அந்தப் பேச்சு.

இந்த மூன்று வழிகளையும் நான் முதலில் செலவை வைத்தும், பிறகு தூரத்தை வைத்தும் ஒப்பிட்டுப் பார்த்தேன். இரண்டுமே தெளிவான விடையைத் தரவில்லை. இப்போது நான் பிடித்திருக்கும் அளவுகோல் வேறு: வாரத்தில் எத்தனை நிமிடம் பிள்ளைக்குக் காலியான ஐஸ், அதாவது பொதுமக்கள் கூட்டம் இல்லாத தளம், கிடைக்கிறது, அந்த நிமிடங்களில் பயிற்றுநரின் கண் அவள்மீது எவ்வளவு நேரம் இருக்கிறது.

காலியான ஐஸுக்கு நான் ஏன் இவ்வளவு முக்கியத்துவம் தருகிறேன் என்பதை ஒரு நாள் நிகழ்வைக் கொண்டு சொன்னால் விளங்கும். பள்ளி விடுமுறையில் நாங்கள் சென்றிருந்த ஒரு பேரங்காடித் தளத்தில் பொதுமக்களுக்கான நேரம் நடந்துகொண்டிருந்தது. ஆறு வகைத் தாவல்களில் ஆக்ஸல் மட்டுமே முன்நோக்கி எழும்பும் தாவல். இறங்குவதோ மற்றவற்றைப் போலவே பின்நோக்கி. அதனால்தான் ஒற்றை ஆக்ஸலில்கூட ஒன்றரைச் சுற்று இருக்கிறது. அதற்கு வேகமாகப் பின்நோக்கி வந்து, திரும்பி, இடக்காலணியின் அடியிலுள்ள கத்தியின் வெளிவிளிம்பில் நீளமாக வழுக்கி எழ வேண்டும். மகள் வேகமெடுத்து வந்து திரும்பிய கணத்தில், பிளாஸ்டிக் பெங்குவின் பொம்மையைத் தள்ளிக்கொண்டு ஒரு சிறுவன் குறுக்கே வந்தான். அவள் தாவாமல் காலை ஊன்றி நின்றுவிட்டாள். தடுப்புக்கு வெளியே அமர்ந்து நான் குறிப்பேட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். ஒன்றரை மணி நேரத்தில் இருபத்தாறு முறை வேகமெடுத்தாள். ஒன்பது முறைதான் தாவினாள். மீதிப் பதினேழு முறையும் அவள் உடல் கற்றுக்கொண்டது தாவலை அன்று, தாவாமல் நிற்பதை. வெளியே வந்து காலணியின் கயிற்றை அவிழ்த்தபடி, "அப்பா, எனக்குப் பயமே இல்ல. ஆனா காலு தானா நின்னுடுது" என்றாள். அந்தச் சிறுவன்மீது எந்தப் பிழையும் இல்லை. அவனும் கட்டணம் செலுத்தி மகிழ வந்தவன்தான்.

தாவலையாவது ஒரு மூலையில் பழகிவிடலாம். முழு நிகழ்ச்சியை அப்படிப் பழக முடியாது. சர்வதேச ஸ்கேட்டிங் சங்கத்தின் விதிப்படி, போட்டியின் முதல் பகுதியான குறுநிகழ்ச்சி 2 நிமிடம் 40 வினாடி. மூத்தோர் (சீனியர்) பிரிவில் இரண்டாம் பகுதியான நெடுநிகழ்ச்சி 4 நிமிடம். இரண்டிலும் பத்து வினாடி கூடவோ குறையவோ இடமுண்டு. 60 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட தளம் முழுவதையும் பயன்படுத்தி, இசையோடு, இடையில் நிற்காமல் செய்ய வேண்டிய ஒன்றைப் பொது நேரக் கூட்டத்தில் ஒரு முறைகூட முழுமையாகச் செய்து பார்க்க வழியில்லை.

இனி உள்ளூர் வழியைப் பார்ப்போம். செபராங் ஜெயாவில் சன்வே கார்னிவல் பேரங்காடியின் புதிய பகுதி 2022இல் திறக்கப்பட்டு, அதில் ஒரு பனித்தளமும் அமைந்த பிறகு வடக்கிலுள்ள பிள்ளைகளுக்கு இந்த விளையாட்டு எட்டும் தொலைவுக்கு வந்தது. தீவுப் பகுதியிலிருந்து பாலத்தைக் கடந்து வருகிறவர்களும் சுங்கைப் பட்டாணியிலிருந்து நெடுஞ்சாலை வழியாக வருகிறவர்களும் உண்டு. எங்களுக்குக் கிடைப்பது, கடை திறக்கும் முன் வாரத்துக்கு இரண்டு விடியற்காலை, ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம். ஆக 120 நிமிடம். நான்கு பிள்ளைகள் பகிர்ந்துகொள்வதால் பயிற்றுநரின் பார்வை எங்கள் மகளுக்கு அதில் கால்வாசிதான். ஆனாலும் பிள்ளை தன் வீட்டில் தூங்கி எழுகிறாள், பாட்டி கையால் பசியாறிவிட்டுப் பள்ளிக்குப் போகிறாள், தமிழ்ப்பள்ளித் தோழிகளோடு இருக்கிறாள். பதினோரு வயதில் இவை சிறிய பேறுகள் அல்ல. விழுந்து எழும் விளையாட்டில் பிள்ளை சாய்ந்துகொள்ளத் தன் வீடு இருப்பதை நான் பயிற்சியின் ஒரு பகுதியாகவே கணக்கிடுகிறேன்.

உள்ளூர் வழியின் உண்மையான குறை ஐஸில் மட்டும் இல்லை. ஐஸைச் சுற்றியுள்ளவற்றில் இருக்கிறது. ஃபிகர் ஸ்கேட்டிங் கத்தியின் அடிப்பகுதி தட்டையானது அன்று. நடுவே நீளமாக ஒரு பள்ளம் ஓட, அதன் இரு புறமும் உள்விளிம்பு, வெளிவிளிம்பு என இரண்டு விளிம்புகள் இருக்கும்; முன்முனையில் தாவுவதற்கு ஊன்றும் பற்கள் இருக்கும். இதைத் தீட்டுவது தனிக்கலை. ஒரு முறை அவசரத்துக்கு ஒரு கடையில் கொடுத்தபோது, ஐஸ் ஹாக்கிக் கத்தியைப் போலத் தீட்டி, முன்பற்களில் கீழ்ப்பல்லையும் தேய்த்துக் கொடுத்துவிட்டார்கள். இரண்டு வாரம் மகள் தாவும்போதெல்லாம் கால் ஊன்றாமல் வழுக்கி விழுந்தாள். காரணம் புரியாமல் நாங்கள் அவளைத்தான் "கவனமாகச் செய்" என்று கண்டித்துக்கொண்டிருந்தோம். அதை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு வலிக்கிறது. அன்று முதல் கத்தியைக் கோலாலம்பூருக்குக் கொண்டு சென்றுதான் தீட்டுகிறோம். எடியா, ஜாக்சன் போன்ற காலணிகளை வளரும் காலுக்கு அளவு பார்த்து வாங்குவதற்கும் அங்கேதான் போகிறோம்.

உள்ளூர் வழியைத் தேர்ந்தெடுப்பவர்கள் இன்னொன்றிலும் தெளிவாக இருக்க வேண்டும். பேரங்காடித் தளங்களில் பரவலாகக் கற்பிக்கப்படும் ஆல்ஃபா, பீட்டா, காமா, டெல்டா என்னும் படிநிலைகள் பொழுதுபோக்கு ஸ்கேட்டிங்குக்காக உருவான பாடத்திட்டத்தைச் சேர்ந்தவை. அவை நல்ல அடித்தளம்; பிள்ளைக்கு ஊக்கமும் தருகின்றன. ஆனால் அந்தப் போட்டிகளின் பதக்கங்கள் எத்தனை சேர்ந்தாலும் சர்வதேச ஸ்கேட்டிங் சங்கத்தின் போட்டிகளுக்கு அவை தகுதியாகா. அலமாரி நிறையப் பதக்கம் இருப்பதை வைத்து, பிள்ளை எந்தப் பாதையில் எவ்வளவு தூரம் வந்திருக்கிறாள் என்பதைத் தவறாகக் கணித்த குடும்பங்களை நான் கண்டிருக்கிறேன்.

உள்ளூருக்கும் குடிபெயர்வுக்கும் நடுவில் பலர் தேர்ந்தெடுக்கும் இடைவழி, வார இறுதியில் கோலாலம்பூருக்குப் போய் வருவது. பட்டர்வொர்த்திலிருந்து ஏறத்தாழ 350 கிலோமீட்டர். இடிஎஸ் ரயிலில் போனாலும் காரில் போனாலும் போகவர ஒரு நாள் கழிந்துவிடும். இரண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை நாங்கள் அதிகாலை மூன்று மணிக்குக் கிளம்பி, 75 நிமிடக் காலி ஐஸுக்காக அங்கே போய் நிற்கிறோம். வாரக் கணக்கில் அது நாற்பது நிமிடத்துக்கும் குறைவு. நிமிடக் கணக்கில் இது மிக மோசமான வழி. ஆனாலும் நான் இதைக் கைவிடவில்லை, ஏனென்றால் அந்த 75 நிமிடமும் அனுபவம் மிக்க ஒருவரின் கண் அவள் ஒருத்திமீது இருக்கிறது, அவர் திருத்திச் சொன்னதை அடுத்த இரண்டு வாரமும் உள்ளூரில் பழகுகிறாள். வாரந்தோறும் இப்படிப் போவதை மட்டும் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். காரில் நான்கு மணி நேரம் மடங்கிக் கிடந்த இடுப்போடு தாவச் சொல்வது பிள்ளையைக் காயத்துக்கு அழைத்துச் செல்வதாகும்.

குடிபெயர்வு, நிமிடக் கணக்கில் தெளிவாக முன்னிற்கிறது. தலைநகர வட்டாரத்தில் 1997இல் திறந்த சன்வே பிரமிட் தளம் இருக்கிறது. புத்ராஜெயாவுக்கு அருகில் ஐஓஐ சிட்டி பேரங்காடியில் ஐஸ்கேப் என்னும் தளம் இருக்கிறது. 2017இல் கோலாலம்பூரை நடுவாகக் கொண்டு நடந்த தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டியில்தான் ஃபிகர் ஸ்கேட்டிங் முதன்முறையாக இடம்பெற்றது. ஆடவர் தங்கத்தை நம் நாட்டின் ஜூலியன் யீ வென்றார். பயிற்றுநர்களும் உடனாடும் திறமையான பிள்ளைகளும் அங்கேதான் திரண்டிருக்கிறார்கள். தன்னைவிட நன்றாகத் தாவும் ஒருத்தியைத் தினமும் அருகில் பார்ப்பதற்கு ஈடான பாடம் எதுவும் இல்லை. நான் விசாரித்த ஒரு பயிற்றுநர் வாரம் நான்கு காலை, ஒவ்வொன்றும் 75 நிமிடம் தர இயலும் என்றார், 300 நிமிடம். எங்கள் இப்போதைய ஏற்பாட்டைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு.

அதற்குரிய விலை வாடகையும் இரட்டைச் சமையலும் மட்டும் அன்று. என் மனைவி ஒரே வாக்கியத்தில் சொன்னார்: "நான் அவளோட போயிட்டா, சின்னவனுக்கு அம்மா யாருங்க?" ஏழு வயது மகனை முன்னிறுத்திய அந்தக் கேள்விக்கு என்னிடம் இன்றுவரை விடை இல்லை. பிறை வட்டாரத் தொழிற்சாலை ஒன்றில் சுழல்முறை வேலையில் இருக்கும் நான் இரவுப் பணி நாட்களில் அவனைப் பாட்டியிடம்தான் விட வேண்டும்.

வெளிநாட்டு வழியைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் ஜூலியன் யீயைத்தான் காட்டுகிறார்கள். 2018 பியோங்சாங் குளிர்கால ஒலிம்பிக்கில் மலேசியா முதன்முறையாகக் கலந்துகொண்டபோது சென்ற இருவரில் அவர் ஒருவர். ஜெர்மனியில் நெபெல்ஹார்ன் கோப்பைப் போட்டி வழியாகத் தகுதி பெற்றார். கனடாவின் பாரி நகரில் பயிற்சி பெற்றார். 24 பேர் மட்டுமே நெடுநிகழ்ச்சிக்குச் செல்லும் போட்டியில் 25ஆவதாக வந்து ஒரே இடத்தில் வாய்ப்பை இழந்தார். ஆனால் அவரைக் காட்டுகிறவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை: அவர் கனடாவுக்குப் போனது பதின்ம வயதின் இறுதியில்; அதற்கு முன் அவரை வளர்த்தது இங்கிருக்கும் பேரங்காடி ஐஸ். 2014 சோச்சி குளிர்கால ஒலிம்பிக்கில் 19ஆவது இடம் பெற்ற பிலிப்பீன்ஸின் மைக்கேல் மார்ட்டினேஸும் மணிலா வட்டாரத்துப் பேரங்காடியில் தொடங்கி, பிறகே அமெரிக்காவுக்குப் பயிற்சிக்குச் சென்றார். ஜப்பானின் செண்டாயைச் சேர்ந்த யுசுரு ஹன்யு, சிறுவயதில் தம் ஊர்த் தளம் 2004இல் மூடப்பட்டதால் ஐஸுக்குத் தவித்தவர். 2011 நிலநடுக்கத்தின்போது ஊர்த் தளத்தில் பயிற்சியில் இருந்தவர். டொராண்டோவுக்குப் போனது 2012இல், 17 வயதில். சிறுவயதிலேயே நாடு பெயர்ந்தவர் கஜகஸ்தானின் டெனிஸ் டென். அல்மாட்டியில் திறந்தவெளி ஐஸில் தொடங்கிய அவர், பத்து வயதையொட்டி மாஸ்கோவுக்குச் சென்றபோது தாயும் உடன் சென்றார். 2014 ஒலிம்பிக்கில் அவர் வென்ற வெண்கலத்துக்குப் பின்னால் அந்தத் தாயின் பெயர்வும் இருக்கிறது.

இவர்களைவிட என் கவனத்தைக் கூடுதலாக ஈர்ப்பவர் மெக்சிகோவின் டோனவன் கரியோ. சொந்த ஊரான குவாதலஹாராவில் தளம் மூடப்பட்டதும், சிறுவயது முதல் தமக்குக் கற்பித்த அதே பயிற்றுநரோடு லியோன் நகரத்துக்குச் சென்று, அங்கு ஒரு பேரங்காடியின் சிறிய தளத்தில் பயின்றே 2022 பெய்ஜிங்கில் 22ஆவதாக வந்தார். அவர் பெயர்ந்தது நாட்டுக்குள்ளேயே. நாடு மாறாமல், பயிற்றுநரின் கண் மாறாமல், ஐஸை மட்டும் மாற்றிக்கொண்டார். பினாங்கிலிருந்து கோலாலம்பூரைப் பார்க்கும் நமக்கு இதைவிட நெருக்கமான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

வயது விதியும் இங்கே நமக்குத் துணை நிற்கிறது. 2022இல் சர்வதேச ஸ்கேட்டிங் சங்கம் மூத்தோர் பிரிவின் குறைந்தபட்ச வயதை 15இலிருந்து படிப்படியாக உயர்த்த முடிவு செய்து, 2024-25 பருவம் முதல் 17 ஆக்கியது. இளையோர் பிரிவுக்கே 13 வயது நிறைந்திருக்க வேண்டும். அப்படியிருக்க, பதினோரு வயதில் இப்போதே போகாவிட்டால் எல்லாம் போயிற்று என்று பதறக் காரணமில்லை. மேலும், ஐரோப்பா அல்லாத நாடுகளுக்கான நான்கு கண்டங்கள் போட்டிக்கோ உலகப் போட்டிக்கோ செல்வதற்கு முன், குறிப்பிட்ட தொழில்நுட்ப மதிப்பெண்ணை அங்கீகரிக்கப்பட்ட சர்வதேசப் போட்டிகளில் பெற்றாக வேண்டும். எங்கே தங்கிப் பயின்றாலும் அந்தப் பயணச் செலவு நம்மை விடாது. பத்து வயதில் கனடாவுக்காக வீட்டை அடகு வைத்துவிட்டால், பதினாறு வயதில் பிள்ளை உண்மையிலேயே தயாராகும்போது விமானச் சீட்டுக்குக் கையில் ஒன்றும் இருக்காது.

ஆகவே என் தீர்ப்பு இது. ஆக்ஸல் கைவரும் வரை, இரட்டைச் சுற்றுத் தாவல்கள் தொடங்கும் வரை, உள்ளூர் விடியற்காலையும் மாதம் இரண்டு தலைநகரப் பயணமும் போதும். இரட்டைச் சுற்றுத் தாவல்களை அடுத்தடுத்துக் கற்கும் கட்டத்தில் உள்ளூர் நிமிடங்கள் போதாமல் போகும். அப்போது குடிபெயர்வுதான் வழி, அதுவும் தாயோ தந்தையோ உடன் இருந்தால் மட்டும். வெளிநாட்டைப் பள்ளி விடுமுறையில் சில வாரப் பயிற்சி முகாமாகத் தொடங்கிப் பார்க்கலாம். முழுநேரமாகப் போவது இடைநிலைப்பள்ளிப் படிப்பின் இறுதிக்கட்டத்தில் எடுக்க வேண்டிய முடிவு.

குடிபெயரத் துணிபவர்கள் வீடு பார்ப்பதற்கு முன் பயிற்றுநரிடம் மூன்றைக் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. பொதுமக்கள் இல்லாத நேரம் வாரத்துக்கு எத்தனை நிமிடம்? அந்த நேரத்தில் ஐஸில் எத்தனை பிள்ளைகள்? இவளுடைய இசையை முழுமையாக ஒலிக்கவிட்டு வாரத்தில் எத்தனை முறை நிகழ்ச்சியைச் செய்ய முடியும்? 300 நிமிடம் என்று சொன்ன அந்தப் பயிற்றுநரிடம் இரண்டாவது கேள்வியைக் கேட்டபோது, பதினான்கு பேர் என்றார். வாடகை வீட்டுக்காக எடுத்து வைத்திருந்த முன்பணத்தை நாங்கள் மீண்டும் வங்கியில் போட்டோம். அடுத்த ஆண்டு அவள் ஆறாம் ஆண்டை முடிக்கும்போது வேறு இருவரிடம் இதே கேள்விகளோடு செல்வோம்.