சிக்னல் கிடைக்காத லேபர் ரூமில் எம்எஸ்எஃப் மருந்துக் கையேடு: ஒரு ஸ்டாஃப் நர்ஸின் நீண்டகால அனுபவம்

மலை மேல் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றில் புதிதாகச் சேர்ந்திருக்கும் ஜூனியர் ஒருத்தி, “அக்கா, டோஸ் பார்க்க போன்ல எந்த ஆப் வச்சுக்கலாம்? ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க” என்று கேட்டிருந்தாள். வாய்ஸ் மெசேஜில் சொல்லி முடிக்கிற விஷயமில்லை. அதனால் எழுதிவிடுகிறேன்.

நான் வருஷக்கணக்கில் வைத்திருப்பது எம்எஸ்எஃப், அதாவது எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு வெளியிடும் ‘மெடிக்கல் கைட்லைன்ஸ்’ செயலி. இலவசம். நோய் வாரியாகச் சிகிச்சை, அத்தியாவசிய மருந்துகள், பிரசவமும் பச்சிளங்குழந்தைப் பராமரிப்பும் என்று தனித்தனிக் கையேடுகள் உள்ளே இருக்கின்றன. மற்ற விவரமெல்லாம் ப்ளே ஸ்டோரிலேயே இருக்கிறது.

இதற்கு முன் ஒரு கட்டணச் செயலி வைத்திருந்தேன். பெயர் வேண்டாம். உள்ளடக்கம் அருமை. ஆனால் திடீர் திடீரென்று வெளியேற்றிவிட்டு மறுபடி லாகின் செய்யச் சொல்லும், ஓடிபி கேட்கும். எங்கள் கட்டடத்தில் கேட்டுக்குப் பக்கத்தில் நின்றால்தான் சிக்னல் வரும், லேபர் ரூமோ பின்பக்கம். ராத்திரி டியூட்டியில் எம்.ஓ.வை, அதாவது மருத்துவ அலுவலரைப் போனில் பிடிப்பதே பெரும்பாடு. அந்த நேரத்தில் ஓடிபிக்காகக் கேட்டுக்கு ஓட முடியுமா? எம்எஸ்எஃப் செயலியை ஒருமுறை தரவிறக்கினால் போதும், நெட் இல்லாமலே திறக்கும். இந்த ஒன்றுக்காகவே அதை எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் சிபாரிசு செய்வேன்.

நான் எதிர்பார்க்காத ஒரு நல்லது அதில் இருந்தது. ஒவ்வொரு மருந்துப் பக்கத்திலும், கீழே, கர்ப்பிணிக்குக் கொடுக்கலாமா, பால் கொடுக்கும் தாய்க்குக் கொடுக்கலாமா என்று இரண்டு சின்ன வரிகள் இருக்கும். பிரசவ வார்டில் எங்களிடம் அதிகமாகக் கேட்கப்படும் கேள்வியே அதுதான். “சிஸ்டர், இந்த மாத்திரை போட்டா புள்ளைக்குப் பால் குடுக்கலாமா?” என்று கேட்டால் முன்பெல்லாம் “டாக்டர் வரட்டும்மா” என்றுதான் சொல்வோம். டாக்டர் வருவதற்குள் மாமியார் பால் கொடுப்பதை நிறுத்தச் சொல்லியிருப்பார். இப்போது அந்த வரியைப் பார்த்து உடனே பதில் சொல்ல முடிகிறது. மருந்தை எந்த வெப்பநிலையில் வைக்க வேண்டும் என்பதும் அதே பக்கத்தில் இருக்கிறது. அடிக்கடி கரண்ட் போகும் ஊரில், பிரசவ ரத்தப்போக்குக்குப் போடும், குளிரிலேயே வைக்க வேண்டிய ஆக்ஸிடோசின் ஊசிக்கு அது எவ்வளவு முக்கியம் என்று நர்ஸ்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இனி எரிச்சல். வருஷங்கள் போயும் எனக்கு ஆறாத ஒன்று.

கர்ப்பிணிக்கு பிபி ஏறி வலிப்பு வந்தாலோ, வரும் போலிருந்தாலோ மேக்சல்ஃப், அதாவது மெக்னீசியம் சல்ஃபேட் ஊசி போட வேண்டும். இது இன்று நேற்று வந்த அறிவில்லை. 33 நாடுகளில், பிபி ஏறிய பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த மேக்பை ஆய்வு 2002-இல் வெளியானது. மேக்சல்ஃப் போட்டவர்களுக்கு வலிப்பு வரும் ஆபத்து பாதிக்கும் கீழே இறங்கியது என்று அதில் தெரிந்தது. மருந்தும் மலிவு. நம் ஊரில் முதல் டோஸைப் போட்டு 108-இல் ஏற்றி அனுப்புவது ஸ்டாஃப் நர்ஸ் கையில்தான் இருக்கிறது.

செயலியில் மேக்சல்ஃப் பக்கம் 10 மி.லி.யில் 5 கிராம் உள்ள ஆம்பூலை (மருந்து அடைத்த சின்னக் கண்ணாடிக் குப்பியை) வைத்து எழுதப்பட்டிருக்கிறது. எங்கள் அலமாரியில் இருப்பது 2 மி.லி.யில் 1 கிராம். இரண்டும் 50 சதவீதம்தான், மி.லி. கணக்கு மாறாது. ஆனால் ஒரு பக்க இடுப்புக்கு 5 கிராம் என்றால் அவர்களுக்கு ஒரு ஆம்பூல், நமக்கு ஐந்து. இரண்டு பக்கமும் சேர்த்துப் பத்து. வலிப்பு வந்த பெண்ணை ஆயாம்மா ஒருக்களித்துப் பிடித்துக்கொண்டிருக்க, பத்து ஆம்பூலின் கழுத்தை ஒவ்வொன்றாக உடைத்து இழுக்க வேண்டும். அந்த நேரத்தில் திரையில் ஒரு கணக்கும் கையில் ஒரு கணக்கும் இருக்கக் கூடாது.

நியாயமாகச் சொல்ல வேண்டுமென்றால், ஆம்பூலில் அச்சிட்டிருக்கும் செறிவைக் கட்டாயம் பார்க்கச் சொல்லி அந்தப் பக்கமே எச்சரிக்கிறது. முழங்கால் அனிச்சை, மூச்சு எண்ணிக்கை, சிறுநீர் அளவு எல்லாவற்றையும் பார்க்கச் சொல்கிறது. பல நாடுகளுக்கும் சேர்த்து எழுதுகிறவர்கள் என் அலமாரியைப் பார்த்து எழுத முடியாது. இதெல்லாம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் அந்தப் பக்கத்தைத் திறக்கும்போதெல்லாம் கோபம் வருகிறது.

பாம்புக்கடியும் அப்படித்தான். அவர்களுடைய அத்தியாயம் உலகத்துக்கே பொதுவானது. நம் விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் சேர்த்துத் தயாராவது. அதற்கான விஷத்தைத் தரும், 1978-இல் தொடங்கப்பட்ட இருளர் கூட்டுறவுச் சங்கம் சென்னைக்குப் பக்கத்தில் வடநெம்மேலியில் இயங்குகிறது. விஷம் எடுப்பதே நம் ஆட்கள். இதற்கு ஐசிஎம்ஆர், அதாவது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வெளியிட்டிருக்கும் சிகிச்சை வழிமுறைப் படங்களையும் தரவிறக்கி வைத்துக்கொள். ஒரு நோய்க்கு ஓரிரு பக்கம்தான், நம் நாட்டு மருந்தை வைத்தே போட்டிருக்கிறார்கள்.

என் கோபம் உண்மையில் யார் மீது என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். ஏழை நாடுகளுக்கு மருத்துவ இதழ்களை இலவசமாகவோ குறைந்த விலையிலோ கொடுக்க உலக சுகாதார நிறுவனம் 2002-இல் ஹினாரி திட்டத்தைத் தொடங்கியது. அந்தப் பட்டியலில் இந்தியா இல்லை. 2025-இல் தொடங்கிய ‘ஒரே நாடு ஒரே சந்தா’ பல்லாயிரம் ஆய்விதழ்களைத் திறந்துவிட்டிருக்கிறது. நல்ல விஷயம், ஆனால் அது அரசுக் கல்லூரிகளுக்கும் ஆய்வு நிறுவனங்களுக்கும். ராத்திரி டியூட்டி நர்ஸுக்கு ஆய்விதழ் தேவையில்லை. ஒரு பக்கம் போதும். இந்த மருந்து, இந்த ஆம்பூல், இந்த எடைக்கு இத்தனை மி.லி., அதுவும் தமிழில்.

அதைச் செய்வது மலையைப் புரட்டுகிற வேலை இல்லை. நம் அரசு மருத்துவமனைகளுக்கெல்லாம் மருந்து வாங்கித் தர 1994 முதல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் இருக்கிறது. எந்த மருந்து எந்த அளவில் வருகிறது என்பதற்குப் பட்டியல் ஏற்கெனவே தயார். அந்தப் பட்டியலின் வரிசையில், நெட் இல்லாமல் திறக்கும் ஒரு தமிழ்க் கையேடு போதும். நான் தேடியவரை அப்படி ஒன்று கைக்கு வரவில்லை. எம்எஸ்எஃப் செயலி ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானிஷ், அரபியில் இருக்கிறது. படித்தது ஆங்கிலத்தில்தான் என்றாலும், தூக்கக் கலக்கத்தில் எச்சரிக்கைப் பத்தியை இரண்டு முறை படித்தால்தான் மண்டையில் ஏறுகிறது. கிராம சுகாதார செவிலியர் பலருக்கு அது இன்னும் கஷ்டம்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். செயலியைப் போட்டுக்கொள். மலை ஏறுவதற்கு முன்பே, நல்ல சிக்னல் இருக்கும் இடத்தில் எல்லாக் கையேடுகளையும் இறக்கிவிடு. முதல் வாரத்திலேயே எமர்ஜென்சி ட்ரேயில் உள்ள ஒவ்வொரு ஆம்பூலையும் எடுத்து, எத்தனை மி.லி., எத்தனை கிராம் என்று ஒரு தாளில் தமிழில் எழுது. பக்கத்தில் எத்தனை ஆம்பூல் உடைக்க வேண்டும் என்பதையும் எழுதி, எம்.ஓ.விடம் சரிபார்த்துக் கையெழுத்து வாங்கி லேபர் ரூம் சுவரில் ஒட்டு. புது ஸ்டாக் வரும்போதெல்லாம் அதைத் திருத்து. வலிப்பு வந்தால் போனை எடுக்காதே, அந்தத் தாளைப் பார். இவ்வளவு புகழ்ந்துவிட்டு இப்படிச் சொல்கிறாளே என்று நினைக்கலாம். நம் அலமாரிக்கென்று தமிழில் ஒன்று வரட்டும், அன்றைக்கே இந்தச் செயலியை அழித்துவிடுவேன். அதுவரை என் போனில் இது இருக்கும்.