கசடிலிருந்து மின்சாரம்: டைஜெஸ்டரோடும் வாயு எந்திரத்தோடும் பதினோர் ஆண்டுகள்

கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் ஒன்றில், கழிவுநீரிலிருந்து பிரியும் சேறான கசடை மூடிய தொட்டியில் (டைஜெஸ்டர்) காற்றில்லாமல் செரிக்கவைத்து, அதில் கிடைக்கும் வாயுவைக் கொண்டு மின்சாரம் எடுக்கும் எந்திரத்தைப் பதினோர் ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறேன். சென்னையின் கொடுங்கையூர், கோயம்பேடு, நெசப்பாக்கம், பெருங்குடி நிலையங்களில் இம்முறை 2000களிலேயே வந்துவிட்டதால், தமிழ்நாட்டுக்கு இது புதிதன்று. பார்க்க வருபவர்கள் பெரும்பாலும் எந்திரத்தைப் பற்றியே கேட்கிறார்கள். ஆனால் எவ்வளவு மின்சாரம் கிடைக்கும் என்பது எந்திரத்துக்கு வெகு முன்னால், கசடைக் கெட்டியாக்கும் தொட்டியிலேயே முடிவாகிவிடுகிறது என்பதே என் அனுபவம்.

முதல் இரண்டு ஆண்டுகள் இது எங்களுக்குப் பிடிபடவில்லை. 3 சதவீதத் திடப்பொருளே உள்ள நீர்த்த கசடை டைஜெஸ்டருக்கு அனுப்பிவிட்டு, வாயு போதவில்லை என்று எந்திரத்தைக் குறை சொல்லிக்கொண்டிருந்தோம். அதே திடப்பொருளை 5 சதவீதம் வரை கெட்டியாக்கி அனுப்பினால், கசடின் கொள்ளளவு ஐந்தில் இரண்டு பங்கு குறைகிறது. 15 நாள் மட்டுமே தங்கிய கசடு அதே தொட்டியில் 25 நாள் தங்கி நன்றாகச் செரிக்கிறது. 35 பாகைக்குச் சூடாக்க வேண்டிய தண்ணீரும் குறைகிறது. நம் வெப்பநிலையில் கழிவுநீரே இளஞ்சூடாக வருவதால், எந்திரத்தைக் குளிர்விக்கும் நீரின் சூடே டைஜெஸ்டருக்குப் போதுமானதாக இருக்கிறது. குளிர்நாட்டு நிலையங்களுக்கு இல்லாத இந்த வசதியை நாம் உரிய அளவில் மதிப்பதில்லை.

எங்கள் வாயுவில் மீத்தேன் 60 முதல் 65 சதவீதம். ஒரு கனமீட்டருக்கு ஏறக்குறைய இரண்டு யூனிட் மின்சாரம் கிடைக்கிறது. ஏரேஷன் தொட்டிகளில் கழிவுநீருக்குள் காற்றைச் செலுத்தும் ப்ளோயர்களே பெரும்பங்கு மின்சாரத்தை எடுத்துக்கொள்ளும் நிலையத்தில், நல்ல மாதங்களில் மொத்தத் தேவையின் பாதியை இதுவே ஈடுகட்டுகிறது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மழைநீர் சாக்கடைக்குள் புகுந்து கசடு நீர்த்துப்போவதால் வாயு குறைகிறது. கூடவே மணலும் வந்து டைஜெஸ்டரின் அடியில் படிகிறது.

வாயுவைச் சுத்தம் செய்வதில் சிக்கனம் பார்த்தது எங்கள் பெரிய தவறு. அழுகிய முட்டை நாற்றமுள்ள நச்சு வாயுவான ஹைட்ரஜன் சல்பைடு உலோகத்தை அரிக்கும் என்பது தெரிந்ததுதான். அதை வாயுவிலிருந்து நீக்கும் ஸ்க்ரப்பர் முதலிலிருந்தே இருந்தது. சிலாக்ஸேனை நாங்கள் பொருட்படுத்தவில்லை. ஷாம்பு, அழகுப் பொருட்கள் வழியாகக் கழிவுநீரில் சேரும் இச்சிலிக்கான் சேர்மங்கள் வாயுவோடு கலந்து, எரியும்போது சிலிக்காவாக மாறி வால்வுகளிலும் பிஸ்டன் தலையிலும் வெள்ளைப் பொடியாக ஒட்டிக்கொள்கின்றன. ஆயில் கெடும், ஸ்பார்க் ப்ளக் அடிக்கடி போகும். நான்காம் ஆண்டில் எந்திரத்தைப் பிரித்துப் பார்த்த பிறகுதான் செயலூட்டிய கரி வடிகட்டி பொருத்தினோம். கரியை மாற்றும் செலவு கனமானதே. இருப்பினும் எந்திரத்தை முழுதாகப் பிரித்துச் சீர்செய்யும் செலவோடு ஒப்பிட்டால் மறுபேச்சின்றி அதைச் செய்துவிடலாம்.

டைஜெஸ்டரின் உடல்நிலையை வாயுமானியை மட்டும் பார்த்து அறிய முடியாது. ஆவியாகும் அமிலத்துக்கும் காரத்தன்மைக்கும் உள்ள விகிதத்தை நாள்தோறும் ஆய்வகத்தில் பார்க்கிறோம். அது 0.3ஐத் தாண்டி ஏறத் தொடங்கினால், வாயு குறைவதற்குச் சில நாட்கள் முன்னதாகவே கசடு செலுத்துவதைக் குறைத்துவிடுவோம். அமிலத்தன்மையை அளக்கும் பிஎச் மானி காட்டும்வரை காத்திருந்த ஒரு முறை, அமிலம் மிகுந்து டைஜெஸ்டர் புளித்துப்போய், மீண்டு வர ஒன்றரை மாதம் ஆயிற்று.

இம்முறையைத் தேர்ந்தெடுப்போரிடம் எல்லாவற்றிலும் அழுத்தமாகச் சொல்ல விரும்புவது பாதுகாப்பைத்தான். ஹைட்ரஜன் சல்பைடு 100 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்தில் நூறு பங்கு) அளவை எட்டும்போது மூக்கு அதை உணரும் திறனை இழந்துவிடுகிறது. நாற்றம் நின்றுபோனதை ஆபத்து நீங்கியதாக எண்ணி உள்ளே இறங்குபவர் திரும்பி வருவதில்லை. அடியில் படிந்த மணலை அகற்ற எங்கள் டைஜெஸ்டரைத் திறந்தபோது, வாயுவை வெளியேற்றி, காற்றோட்டம் கொடுத்து, அளவுமானியால் திரும்பத் திரும்பச் சோதித்து, வெளியிலிருந்தே பம்பு கொண்டு உறிஞ்சினோம். பணி பதினெட்டு நாள் இழுத்தது. டைஜெஸ்டருக்குள் ஒருவரையும் இறக்கவில்லை. அடுத்த டைஜெஸ்டரை வரும் கோடையில் திறக்கவிருக்கிறோம். அதற்கும் அதே பதினெட்டு நாளைக் கேட்டுப் பெற்றிருக்கிறேன்.