பாலம் தெரிகிறது, பாத்ரூம் எங்கே?

ராமேஸ்வரம், மண்டபம், உச்சிப்புளி பக்கம் நாள் வாடகைக்கு விடும் வீடுகளைச் சிங்கப்பூரில் உட்கார்ந்துகொண்டு தேடிப் பாருங்கள். நான் பார்த்தவற்றில் பாதிக்கு மேல் முதல் படம் பாம்பன் பாலம்தான். அதுவும் 1914-இல் திறந்த பழைய பாலம். அதில் ரயில் ஓடுவது 2022 டிசம்பரிலேயே நின்றுபோய்விட்டது. அடுத்த படம் கோயில் பிரகாரம், அதற்கடுத்து தனுஷ்கோடியில் இடிந்து நிற்கும் சர்ச். வீடு எங்கே என்று விரலால் தள்ளிக்கொண்டே போனால், கடைசியில் மங்கலாக ஒரு கட்டிலும் பூப்போட்ட போர்வையும். பாத்ரூம் படம் கிடையவே கிடையாது.

எனக்குச் சொந்த ஊர் இந்தக் கரைதான். அப்பா பிறந்த வீடு பங்காளிகளுக்குள் பிரிந்து கைமாறிவிட்டது. சொந்தக்காரர் வீட்டில் அம்மா, பிள்ளைகள், பெட்டிகளோடு போய் இறங்கினால் அவர்களுக்கும் சங்கடம், நமக்கும் சங்கடம். அதனால் இந்த ஜூன் விடுமுறைக்கு வாடகை வீடு என்று முடிவாயிற்று. அம்மாவுக்கு ராமேஸ்வரத்தில் தீர்த்தமாட வேண்டும், பிள்ளைகளுக்குக் கடல், எனக்கு மீன்குழம்பு.

முதலில் புக் செய்தது கோயில் பக்கம் ஒரு வீடு. மதுரையில் இறங்கி, கார் பிடித்து, இரவு பத்து மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். அங்கிருந்தவர் நன்றாகத்தான் பேசினார். அடையாள அட்டை கேட்டார், பாஸ்போர்ட்டை நீட்டினேன். “இது ஃபாரின் பாஸ்போர்ட்ல? ஃபாரினர்ஸ நாங்க எடுக்கிறதில்லைம்மா” என்றார். அவர் ஊர்த் தமிழுக்குச் சற்றும் குறையாத தமிழில் எங்கம்மா அவரோடு வாதாடிப் பார்த்தார். நடக்கவில்லை. அன்றிரவு ஒரு லாட்ஜில் படுத்தோம். கட்டிய பணம் திரும்பி வர நான் எத்தனை மெசேஜ் அனுப்பினேன் என்பது தனிக்கதை.

விஷயம் இதுதான். வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டில் வருகிறவர் யாராக இருந்தாலும், தங்க இடம் கொடுப்பவர் அவர் தங்குவதை அரசுக்குத் தெரிவிக்கும், ‘சி’ படிவம் என்று எல்லாரும் சொல்லும் படிவத்தை 24 மணி நேரத்துக்குள் ஆன்லைனில் பதிய வேண்டும். அதற்கு அவர் முன்கூட்டியே ஒரு கணக்குத் தொடங்கி வைத்திருக்க வேண்டும். இல்லாதவர்கள், வம்பு வேண்டாம் என்று கையை விரித்துவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. ஆனால் அதை விளம்பரத்தில் ஒரு வரி போட்டிருக்கலாமே? கீழக்கரை, தொண்டி, தேவிபட்டினம் என்று இந்தக் கரையில் எந்த ஊரை எடுத்தாலும் வீட்டுக்கு ஒருவராவது வெளிநாட்டில் இருக்கிறார்கள். “வெளிநாட்டுப் பாஸ்போர்ட் இருந்தாலும் வரலாம், ‘சி’ படிவம் நாங்களே பதிந்துகொள்கிறோம்” என்று ஒரு ஓனர் எழுதினால் எங்களைப் போன்ற கூட்டம் முழுக்க அவர் வீட்டுக்குத்தான் போகும்.

மறுநாள் போனது உச்சிப்புளிக்குத் தெற்கே, மன்னார் வளைகுடாப் பக்கம் ஒரு கடலோர ஊர். ஓனர் துபாயில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி வந்த தம்பி. அவர் அத்தா கட்டிய வீட்டை ரிப்பேர் பார்த்து, இரண்டு அறைக்கு ஏசி போட்டு விட்டிருக்கிறார். ‘சி’ படிவம் பற்றிக் கேட்டதும் போனை எடுத்து அங்கேயே பதியத் தொடங்கிவிட்டார். அந்த நிமிடமே எனக்கு வீடு பிடித்துப்போயிற்று.

வீடும் நல்ல வீடு. ஆனால் அதன் விளம்பரத்தைப் பார்த்தால் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். இங்கேயும் முதல் படம் பாலம். “சொகுசான கடற்கரை இல்லம், கோயிலுக்கு அருகில், எல்லா வசதிகளும் உண்டு” என்று மூன்றே வாக்கியம். கோயில் காரில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். “ரயில் மண்டபம் வரைதான் வரும், அங்கிருந்து ஆட்டோ” என்றும் ஒரு குறிப்பு. புதுப் பாலத்தை 2025 ஏப்ரல் 6 அன்று திறந்து, ராமேஸ்வரத்துக்கே ரயில் போய்க்கொண்டிருக்கிறது. பாலம் மூடிக்கிடந்த காலத்தில் எழுதியதை யாரும் திருப்பிப் பார்க்கவில்லை.

“புக்கிங் ஏனோ ஓட மாட்டேங்குதுக்கா, ரேட்டைக் குறைக்கவா?” என்று ஒரு சாயங்காலம் கேட்டார். ரேட்டில் ஒன்றும் குறையில்லை தம்பி, வீட்டில் இருப்பதில் பாதியை நீங்கள் சொல்லவே இல்லை என்றேன். அப்புறம் இருவரும் திண்ணையில் உட்கார்ந்து அந்த விளம்பரத்தை முழுசாக மாற்றி எழுதினோம்.

உதாரணத்துக்கு வாசல் குழாய். வேப்பமரத்தடியில் சிமெண்டு மேடை கட்டி, முழங்கால் உயரத்தில் ஒரு குழாயும் தோள் உயரத்தில் ஒரு ஷவரும் வைத்திருக்கிறார்கள். பக்கத்திலேயே இரண்டு பனங்கம்பங்களுக்கு இடையில் நைலான் கயிறு, கயிறு நிறைய கிளிப். ராமேஸ்வரத்தில் 22 தீர்த்தமும் ஆடிவிட்டு வருகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். வாளி வாளியாகத் தலையில் ஊற்றி, உடுத்திய துணி மொத்தமும் சொட்டச் சொட்ட, மாற்றுத் துணி ஒரு பையில், ஈரத்துணி இன்னொரு பையில். தனுஷ்கோடி போனவர்களுக்குக் காது மடல் வரை மணல். அறை எடுத்துத் தங்கும் இடங்களில் அந்த ஈரத்தை எங்கே காயப்போடுவது என்று தெரியாமல் ஏசி மேலும் கதவு மேலும் தொங்கவிடுவோம். இங்கே வந்ததும் அம்மா முதலில் பார்த்தது அந்தக் கயிற்றைத்தான், கடலை இல்லை. விளம்பரத்தில் அதைப் பற்றி ஒரு சொல் கிடையாது. “இதையெல்லாமா போடுறது? கொடிக்கயிறுக்கா!” என்று சிரித்தார். போடத்தான் வைத்தேன், படத்தோடு.

தண்ணீர் இன்னொன்று. “24 மணி நேரத் தண்ணீர் வசதி” என்று இருந்தது. தண்ணீர் வருகிறதுதான், ஆனால் போர் தண்ணீர் உப்பு. சோப்பு நுரைக்காது, தலைமுடி சிக்குப் பிடித்துக்கொள்ளும். தள்ளுவண்டியில் பிளாஸ்டிக் குடங்களை அடுக்கி நல்ல தண்ணீருக்குத் தெருக்குழாய்க்குப் போகும் பெண்களைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு இது புதிதில்லை. பெங்களூரிலிருந்து வருகிறவருக்கு அது அதிர்ச்சி, உடனே ரிவ்யூவில் இரண்டு நட்சத்திரம். ஆனால் இந்த வீட்டில் ஓனரின் அம்மா ஒரு காரியம் செய்கிறார். பாத்ரூம் மூலையில் மூடி போட்ட நீல டிரம் ஒன்று, அதில் விலைக்கு வாங்கிய நல்ல தண்ணீர், மேலே ஒரு செம்பு. உடம்புக்கு ஷவரில் குளித்துவிட்டுத் தலைக்கு மட்டும் அதிலிருந்து ஊற்றிக்கொள்ளலாம். இது எவ்வளவு பெரிய உபசாரம்! “போர் தண்ணீர் சற்று உப்பாக இருக்கும். தலைக்கு ஊற்றிக்கொள்ளத் தினமும் ஒரு டிரம் நல்ல தண்ணீர் வைக்கிறோம். குடிக்கக் கேன் தண்ணீர்.” இப்படி எழுதினோம். உப்பு என்ற சொல்லைப் போட அவருக்குக் கொஞ்சம் பயம். எப்படியும் வந்து குளிக்கும்போது தெரியத்தானே போகிறது!

கடலைப் பற்றி எழுதும்போதுதான் நிஜமான வாக்குவாதம். மண்டபம் பக்கத்து ஊர்களில் வடக்கே பாக் நீரிணையைப் பெண் கடல் என்றும், தெற்கே மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில், சுமாராக மே முதல் செப்டம்பர் வரை, தென்பக்கம் அலை புரளும், வடபக்கம் குளம் மாதிரி கிடக்கும். வாடைக் காலத்தில் இது தலைகீழ். இவர் போட்டிருந்த கடற்கரைப் படம் தென்கடல் அடங்கிக் கிடந்த ஒரு தை மாதத்தில் எடுத்தது. ஜூனில் போன நாங்கள் கண்டதோ ஜன்னலைச் சாத்தினாலும் மணல் உள்ளே வரும் காற்று. பிள்ளைகளை முழங்கால் தண்ணீருக்கு மேல் விட முடியவில்லை.

இதை எழுதினால் யாரும் வர மாட்டார்கள் என்றார். நான் விடவில்லை. எந்த மாதம் இந்தக் கடலில் இறங்கலாம், எந்த மாதம் கூடாது என்று எழுதிவிட்டு, கூடாத மாதங்களில் அரியமான் கடற்கரைக்குப் போகச் சொல்லுங்கள் என்றேன். அது வடபக்கம், சவுக்குத் தோப்பும் அலையில்லாத தண்ணீரும் உண்டு, இங்கிருந்து காரில் கொஞ்ச நேரம்தான். குழந்தையோடு வருகிறவர்களுக்கு அந்த வரிதான் வேண்டும். “தீவுகளுக்கு போட்டிங்” என்று போட்டிருந்ததை எடுக்கச் சொன்னேன். வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்காவுக்குள் வருபவை, நினைத்தபடி போய் இறங்க முடியாது. குருசடைத் தீவுக்கு வனத்துறை படகு விடுகிறது, அதைச் சொன்னால் போதும்.

படம் எடுக்கும் வேலையை ஒரு காலையில் முடித்தோம். இப்படி வீடுகளை வாடகைக்கு விடும் இணையதளமான ஏர்பிஎன்பி ஆரம்பித்த புதிதில், 2009 வாக்கில், நியூயார்க்கில் புக்கிங் படுத்துக் கிடந்ததாம். படங்கள் மோசம் என்று தெரிந்துகொண்டு நிறுவனர்களே கேமராவோடு வீடு வீடாகப் போய்ப் படம் எடுத்தபிறகுதான் வியாபாரம் சூடுபிடித்தது. எங்களுக்குப் போன் கேமராவே போதுமானதாக இருந்தது. எல்லா ஜன்னலையும் திறந்து, டியூப்லைட்டை அணைத்து, அறையின் மூலையில் நின்று நெஞ்சு உயரத்தில் போனைப் படுக்கைவாட்டில் பிடித்தால் அறை உள்ளது உள்ளபடி வந்துவிடுகிறது. பூப்போட்ட போர்வையை உருவிவிட்டு வெள்ளை விரிப்பு. முதல் படம் திண்ணை: கருங்கல் தூண், ஈஸிசேர், பின்னால் பனை வரிசைக்கு நடுவே ஒரு துண்டுக் கடல். பாலத்தை முழுசாக எடுத்துவிட அவருக்கு மனசில்லை, புதுப் பாலத்தின் படமாகப் பார்த்துக் கடைசியில் வைத்துக்கொண்டார். பாத்ரூம் படம் என்றதும் “அதையுமாக்கா?” என்றார். வெஸ்டர்னா இந்தியனா, படி ஏறணுமா, பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கிறதா என்பதை எழுபது வயது அம்மாவைக் கூட்டிவரும் மகள் படத்தில்தான் தேடுவாள்.

சாப்பாட்டுக்கு “உணவு ஏற்பாடு செய்யப்படும்” என்று இருந்தது. கல்யாணப் பத்திரிகை மாதிரி. அவர் அம்மா வைக்கும் நண்டுக் குழம்பையும் கணவாய் வறுவலையும் அப்படிச் சொல்வது அநியாயம். ராத்திரிச் சாப்பாட்டுக்குக் காலை எட்டு மணிக்குள் சொல்ல வேண்டும், மீன் அன்று கரைக்கு வருவதைப் பொறுத்தது என்று எழுதினோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போதும் நாட்டுப்படகு போகும், மீன் வகை குறையும், விலை ஏறும். அதையும் சேர்த்தோம். தீர்த்தமாடப் போகும் குடும்பங்களுக்காக அந்த அம்மா சைவத்துக்கென்று தனி அடுப்பும் தனிப் பாத்திரங்களும் வைத்திருக்கிறார். கேட்டால்தான் சொல்வார். நாங்கள் தீர்த்தமாடிய அன்று அந்தப் பாத்திரத்தில் வந்த முருங்கைக்காய் சாம்பாரை எங்கம்மா இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். வந்து இறங்கியதும் கீழக்கரைத் தொதல் என்ற இனிப்பை ஒரு தட்டில் வைத்தார்கள். அதை மட்டும் எழுத வேண்டாம், தானாக வரட்டும் என்று விட்டுவிட்டோம்.

கோயிலுக்கு அருகில் என்ற பொய்யை எடுத்துவிட்டு, “ஸ்படிக லிங்க தரிசனத்துக்குப் போகிறவர்களுக்கு விடியற்காலை மூன்றரைக்கே கேட் திறந்து காபி கொடுப்போம், தெரிந்த டிரைவர் உண்டு” என்று போட்டோம். காலை ஐந்து மணி தரிசனத்துக்குத் தூரத்தில் தங்குகிறவர்கள் கவலைப்படுவது இதற்குத்தான். கரண்டு போனால் இன்வெர்ட்டரில் ஃபேனும் லைட்டும் ஓடும், ஏசி ஓடாது என்பதற்கு ஒரு வரி. கேட்டில் இருக்கும் கேமராவுக்கும் ஒரு வரி. ஏர்பிஎன்பியில் 2024 ஏப்ரல் 30 முதல் வீட்டுக்குள் கேமரா வைக்கவே கூடாது, வெளியில் இருப்பதையும் முன்கூட்டிச் சொல்லியாக வேண்டும். ஹாலில் ஒன்று வைக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தாராம், நல்லவேளை.

ரிவ்யூ பற்றி அவருக்கு ஒரு வருத்தம். நம்மூர்க்காரர்கள் நாலு நட்சத்திரம் போட்டால் பாராட்டியதாக நினைக்கிறோம். ஏர்பிஎன்பியில் நல்ல ஓனர்களுக்குத் தரும் சூப்பர்ஹோஸ்ட் பட்டத்துக்குச் சராசரி 4.8 வேண்டும். இதை விருந்தாளிகளிடம் வாய்விட்டுக் கேட்பதும் அசிங்கம். நான் அஞ்சு போட்டேன்.

ஒரே ஒரு விஷயம் முடியாமல் நிற்கிறது. சாப்பாடு, கார் எல்லாம் வாடகையில் சேராத தனிக்கணக்கு. அதை அவர் ஜிபேயில்தான் வாங்கிப் பழக்கம். இந்திய நம்பரும் இந்திய பேங்க் கணக்கும் இல்லாத நாங்கள் ஒவ்வொரு தடவையும் ராமநாதபுரத்திலிருக்கும் சித்தப்பா மகனுக்குப் போன் போட்டு அவனை அனுப்பச் சொன்னோம். பாதிநாள் அவன் போனை எடுக்கவில்லை. “ரொக்கமும் வாங்கிக்கொள்வோம்” என்று ஒரு வரி சேருங்கள், ஏடிஎம் எவ்வளவு தூரம் என்பதையும் போடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். நேற்றுப் பார்த்தேன், இன்னும் சேர்க்கவில்லை. வாட்ஸ்அப்பில் ஞாபகப்படுத்தியிருக்கிறேன்.