ஆறு கை மாறும் துணி: ரவுண்ட் ராபின் கிராஸ் ஸ்டிச்சுக்கு எதை வாங்கலாம், எதைத் தவிர்க்கலாம்

ஒருவரே தொடங்கி ஒருவரே முடிக்கும் கிராஸ் ஸ்டிச்சில் (X வடிவத் தையலில்) துணியோ நூலோ சுமாராக இருந்தாலும் சமாளித்துவிடலாம். குறை எதுவானாலும் துணி முழுக்க ஒரே மாதிரி இருப்பதால் கண்ணை உறுத்தாது. ரவுண்ட் ராபினில் அந்த வசதி கிடையாது. ஆறு பேர் சேர்ந்தால் ஆறு துணிகள். ஒவ்வொருவரும் ஆறு கட்டமாகப் பிரித்த தன் துணியில் முதல் கட்டத்தைத் தைத்து அடுத்தவருக்கு அனுப்புவார். அவர் இரண்டாவது கட்டத்தைத் தைத்து மூன்றாமவருக்கு அனுப்புவார். ஆளுக்கு இரண்டு மாதம் வைத்தால் ஒரு வருடம் கழித்து ஆறு கட்டமும் நிறைந்து துணி உரியவரிடமே வந்து சேரும். அதற்குள் ஆறு முறை தபால் பையில் கிடந்திருக்கும், ஆறு விதமான கை இறுக்கத்தைத் தாங்கியிருக்கும். கடையில் கிடைக்கும் பொருள்களை அந்த ஒரு வருடத்தை மனதில் வைத்தே இங்கே எடைபோட்டிருக்கிறோம்.

துணியைத்தான் முதலில் பார்க்க வேண்டும், ஏனென்றால் அதை மட்டும்தான் பாதியில் மாற்ற முடியாது. எங்கள் தேர்வு ஜெர்மனியின் ஸ்வைகார்ட் நிறுவனம் நெய்யும் 14 கவுண்ட் ஆய்டா, கட்டம் கட்டமாக நெய்த துணி. அங்குலத்துக்கு 14 சிறிய நெசவுக் கட்டம், சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 5.4. கட்டங்கள் தெளிவாகத் தெரியும், துளைகள் ஒரே அளவில் இருக்கும். இறுக்கித் தைப்பவரின் தையலும் தளர்த்தித் தைப்பவரின் தையலும் அருகருகே வந்தாலும், கட்டத்தின் அளவைத் துணியே பிடித்து வைத்துக்கொள்ளும். பலர் கை படும் வேலைக்கு இதுதான் முக்கியமான குணம். கரையோரம் ஓடும் ஆரஞ்சு நிற இழை இந்த நிறுவனத் துணியின் அடையாளம். பாவு (நீளவாக்கில் ஓடும் நெசவிழை) எந்தத் திசையில் ஓடுகிறது என்றும் அது காட்டிவிடும். குழுவில் எல்லோரும் பாவு நெட்டாக வரும்படி வெட்டிக்கொள்வது நல்லது.

ஆய்டாவின் குறை என்னவென்றால் முக்கால் தையலும் கால் தையலும் போடுவது கடினம். கட்டத்தின் நடுவே துளை இல்லாததால் கூர் ஊசியால் நெசவைக் குத்தித்தான் போக வேண்டும். முகம், விரல், பூ இதழ் என்று நுணுக்கமான மாதிரிகளை விரும்பும் குழுவுக்கு அதே நிறுவனத்தின் 28 கவுண்ட் லுகானா பொருந்தும். பருத்தியும் விஸ்கோஸும் கலந்த துணி. இரண்டு நெசவிழைக்கு ஒரு தையல் போட்டால் 14 கவுண்ட் ஆய்டாவின் அளவே கிடைக்கும். மடிப்பும் சீக்கிரம் விழாது. ஆனால் குழுவில் ஒருவருக்காவது இழை எண்ணித் தைத்துப் பழக்கம் இல்லையென்றால் இதைத் தொட வேண்டாம். அவர் ஓர் இழை தவறினால் அவருக்குப் பின்னால் வருபவர்கள் எல்லோரும் அந்தத் தவறின் மேல்தான் எண்ணிக்கொண்டு போவார்கள். 32 கவுண்ட் லினன் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் லினனில் விழுந்த மடிப்பு எளிதில் போகாது, இழைத் தடிமனும் இடத்துக்கு இடம் மாறும். தபாலில் அலையும் வேலைக்கு அது வேண்டாம்.

நம் ஊர்க் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் மேட்டி துணியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பழகுவதற்கும், தலையணை உறை போன்றவற்றுக்கும் அது நன்றாகவே உழைக்கும். ரவுண்ட் ராபினுக்கு அதில் ஒரு சிக்கல் உண்டு. நீளவாக்கிலும் அகலவாக்கிலும் கட்டங்களின் எண்ணிக்கை பல சமயம் ஒன்றாக இருக்காது. வாங்குவதற்கு முன் அளவுகோலை வைத்து இரண்டு பக்கமும் 10 செ.மீ.க்கு எண்ணிப் பாருங்கள். ஒரு பக்கம் 54, மறுபக்கம் 50 என்று வந்தால், 60-க்கு 60 தையல் கொண்ட சதுரம் ஒரு பக்கம் 11.1 செ.மீ., மறுபக்கம் 12 செ.மீ. என்று நீண்டுவிடும். வட்டமாகத் தைத்த பூமாலை முட்டை வடிவமாகிவிடும். கஞ்சியும் அதிகம். முதல் அலசலில் கஞ்சி போனதும் நெசவு தளர்ந்து துணி சுருங்குவதுண்டு.

எவ்வளவு வாங்குவது? 60-க்கு 60 தையல் கொண்ட ஆறு கட்டங்கள், குறுக்கே இரண்டு, நெடுக்கே மூன்று, இடைவெளி 6 தையல் என்று கணக்குப் போடுவோம். அகலம் 60 + 6 + 60 = 126 தையல். நீளம் 180 + 12 = 192 தையல். 14-ஆல் வகுத்தால் 9 அங்குலமும் சுமார் 13¾ அங்குலமும் வரும். நான்கு பக்கமும் 3 அங்குலம் விட வேண்டும். ஆக 15-க்கு 20 அங்குலத் துண்டு. இந்த ஓரத்தில் கஞ்சத்தனம் கூடாது. சட்டத்தில் மாட்டவும், பிறகு கண்ணாடி போட்டு மாட்டவும் அந்த 3 அங்குலம்தான் உதவும்.

ஓரத்தைத் தையல் கடையில் ஓவர்லாக் அடித்துவிடுங்கள். அதைவிடச் சிறந்த வழி இல்லை. மாஸ்கிங் டேப் ஒட்டினால் ஒரு வருடத்தில் அதன் பசை துணிக்குள் இறங்கிப் பழுப்பேறும், அதில் ஒட்டும் தூசியும் அழுக்கும் லேசில் போகாது.

கட்டங்களைப் பிரிக்கும் கோட்டைத் துணிக்கு உரியவரே முதலில் போட்டு, நான்கு மூலைகளும் சரியாகக் கூடுகின்றனவா என்று பார்த்த பிறகுதான் துணி வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். 10 நெசவுக் கட்டத்துக்கு ஒரு வழிகாட்டிக் கோடு இருந்தால் அடுத்துத் தைப்பவருக்குப் பெரிய உதவி. அதற்குப் பருத்தி நூலில் நூலோட்டம் போட்டால் மேலே தைப்பவரின் ஊசி அதைக் குத்திப் பிளந்துவிடும், கடைசியில் உருவ வராது. மெல்லிய தங்கூசி நரம்பு இதற்கு அருமையான பொருள். ஊசி அதைப் பிளக்காது, இழுத்தால் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். மீன்பிடிச் சாமான் கடையில் ஒரு சுருள் வாங்கினால் ஆறு துணிக்கும் போதும்.

பேனாக்களில் கவனம் தேவை. தண்ணீரில் போகும் நீல மார்க்கர் நல்லதுதான், ஆனால் அலசுவதற்கு முன் யாராவது இஸ்திரி போட்டுவிட்டால் கறை நிலைத்துவிடும். ஆறு பேரில் ஒருவர் மறந்தாலும் போதும். சூட்டில் மறையும் ஃப்ரிக்ஷன் பேனாவை ரவுண்ட் ராபினில் அறவே தவிர்க்கச் சொல்கிறோம். 60 டிகிரி சூட்டில் அந்த மை கண்ணுக்குத்தான் மறைகிறது, துணியை விட்டுப் போவதில்லை. உறைநிலைக்கு நன்றாகக் கீழே போனால் கோடுகள் திரும்பத் தெரியும். குளிர் நாடுகளுக்கு அனுப்பும் துணியில் அப்படி ஒரு பேனாவுக்கு வேலையே இல்லை.

நூலுக்கு வருவோம். பிரான்சின் டிஎம்சி ஆறிழைப் பருத்தி நூல் உலகம் முழுக்க ரவுண்ட் ராபின் குழுக்களின் பொது மொழி போல ஆகிவிட்டது. 8 மீட்டர் கட்டு, 500 நிறங்கள். எந்த ஊரில் வாங்கினாலும் 310 என்றால் கறுப்பு. மாதிரிப் படங்களில் பெரும்பாலானவை இந்த எண்களைத்தான் தருகின்றன. இந்தியாவில் ஆங்கர் நூல் எளிதாகக் கிடைக்கும், விலையும் குறைவு. பளபளப்பிலும் உழைப்பிலும் அதைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. சிக்கல் எண் மாற்றத்தில்தான். டிஎம்சி 310-க்கு ஆங்கர் 403 என்பதில் குழப்பமில்லை. சிவப்பு 321-க்கு ஓர் அட்டவணை 9046 என்று சொல்லும், இன்னொன்று 47 என்று சொல்லும். இரண்டும் நெருங்கிய நிறங்கள், ஒரே நிறம் அல்ல. கட்டத்துக்குக் கட்டம் தனி மாதிரி என்றால் இதனால் நட்டமில்லை. எல்லாக் கட்டங்களிலும் திரும்ப வரும் நிறம், குறிப்பாக ஓரக்கோட்டின் நிறம், ஒரே நிறுவனத்தின் ஒரே எண்ணாக இருக்க வேண்டும். அந்த நூலை உரியவர் துணியோடு சேர்த்தே அனுப்பிவிடுவது முறை. வெள்ளையில்கூட டிஎம்சியில் பிளாங்க் வேறு, பி5200 வேறு. பின்னது பளிச்சென்ற வெள்ளை. பக்கத்தில் பக்கத்தில் வந்தால் பிளாங்க் அழுக்கடைந்தது போலத் தோன்றும்.

14 கவுண்டில் இரண்டிழை போட்டுத் தைத்தால், வெட்டும் முடிச்சும் போக ஒரு கட்டுக்குச் சுமார் 1,800 தையல் வரும். முழுவதும் நிரப்பிய 60-க்கு 60 கட்டத்துக்கு 3,600 தையல். பின்னணியை ஒரே நிறத்தில் நிரப்பும் எண்ணமிருந்தால் ஒரு கட்டு போதாது, முதலிலேயே கூடுதலாக வாங்கிவிடுங்கள்.

சாயம் இறங்கும் ஆபத்து சிவப்புகளில்தான் அதிகம். 321, 498, 666, 815 போன்ற எண்களை ஒரு துண்டு நூல் நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பார்த்த பிறகே பயன்படுத்துங்கள். டிஎம்சி எண்களையே அச்சிட்டு மொத்தமாக 100 கட்டு, 200 கட்டு என்று மலிவு விலையில் வரும் பெயர் தெரியாத நூல்களை அடுத்தவர் துணியில் போடவே கூடாது. கையால் சாயமேற்றிய நூல்களும் அப்படித்தான். கண்ணைப் பறிக்கும் அழகு, ஆனால் அலசினால் சாயம் இறங்கலாம். உங்கள் கட்டத்தின் சாயம் மற்ற ஐந்து பேரின் உழைப்பில் போய்ப் படியும். உரியவர் எழுதிக் கேட்டுக்கொண்டால் தவிர அவற்றை எடுக்க வேண்டாம்.

ஊசி, மொட்டை முனை கொண்ட டேபஸ்ட்ரி ஊசி. 14 கவுண்டுக்கு 24-ஆம் எண், லுகானாவுக்கு 26. நீலகிரியில் கேத்தியில் இருக்கும் ஆலையிலிருந்து வரும் போனி ஊசிகள் இதற்குப் போதுமானவை. துளையில் நூல் உரசாமல் போகிறது, விலையும் கைக்கு அடக்கம். கூர் ஊசி எடுத்தால் பக்கத்துக் கட்டத்தில் இன்னொருவர் போட்ட தையலைக் குத்திப் பிளக்கும். இரண்டு பேர் தையல் ஒரே துளையைப் பங்குபோடும் இடத்தில் காலியான துளை வழியாக மேலே வந்து, தையல் இருக்கும் துளை வழியாகக் கீழே இறங்குங்கள். அப்போது அவர் நூல் மேலே இழுபடாது, கீழே அமுங்கி நேராக நிற்கும். தபாலில் போடும்போது ஊசியைத் துணியில் குத்தி வைக்காதீர்கள். மழைக்காலத்தில் இரண்டு வாரம் போதும், துருக்கறை பிடித்துவிடும். ஒரு ஃபெல்ட் துண்டில் குத்தித் தனியாக வையுங்கள்.

மர வளையம் வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து. உங்கள் கட்டத்தை நடுவில் வைத்து இறுக்கினால் வளையம் பக்கத்துக் கட்டத்தின் மேல்தான் உட்காரும். முடிந்த தையல்கள் நசுங்கும், வட்டமாக ஓர் அழுக்குத் தடமும் விழும். க்யூ-ஸ்னாப் என்ற பிளாஸ்டிக் குழாய்ச் சட்டம் பரவாயில்லை. பிடிப்புக்குக் கீழே ஒரு மெல்லிய பருத்தித் துணியைக் கொடுத்து, வேலை முடிந்த ஒவ்வொரு முறையும் கழற்றிவிட வேண்டும். சட்டமே இல்லாமல் கையில் பிடித்துத் தைக்கத் தெரிந்தவர்களுக்கு அதுவே மேல்.

இவ்வளவு நல்ல சாமான் வாங்கியும் முடிந்த வேலை ஒட்டுப்போட்டது போலத் தெரிகிறதா? பெரும்பாலும் காரணம் மேல்தையலின் சாய்வு. கீழே இடமிருந்து வலம் ஏறும் கோடு, மேலே வலமிருந்து இடம் ஏறும் கோடு என்று குழு முடிவுசெய்தால் எல்லோரும் அப்படியே போட வேண்டும். சாய்வு மாறினால் வெளிச்சம் வேறு பக்கம் பட்டு அதே நிறம் வேறு நிறமாகத் தெரியும். தெரியாதவர்கள் மட்டும் செய்யும் தவறு இல்லை இது. நன்றாகத் தைப்பவர்கள்கூட வசதிக்காகத் துணியைக் கால் சுற்றுத் திருப்பிப் பிடிக்கும்போது சாய்வு தானாக மாறிவிடுகிறது. அதனால்தான் துணியின் மேல் விளிம்பில் நிற நூலால் ஓர் அடையாளத் தையல் போட்டு அனுப்பச் சொல்கிறோம். சேஃப்டி பின் வேண்டாம், அதுவும் துருப்பிடிக்கும். நூலைத் தொடங்க முடிச்சுப் போடாமல், ஓரிழையை 90 செ.மீ. வெட்டி இரண்டாக மடித்து, வெட்டு முனைகளை ஊசியில் கோத்து, முதல் தையலில் பின்பக்கம் மடிப்பு வளையத்துக்குள் ஊசியை நுழைத்து வாங்கித் தொடங்கலாம். பின்பக்கம் நூலை மூன்று நான்கு நெசவுக் கட்டத்துக்கு மேல் தாண்டவிடாதீர்கள், வெள்ளை ஆய்டாவில் அடர்நிறம் முன்பக்கம் நிழலாகத் தெரியும்.

மணிகளும் பிரெஞ்சு முடிச்சுகளும் கடைசியில் உரியவர் கையால் சேர்க்கப்பட வேண்டியவை. இடத்தை மட்டும் குறித்து, மணிகளைச் சின்ன ஜிப் பையில் போட்டு அனுப்புங்கள்.

அனுப்பும் முறையிலும் பொருள் தேர்வு உண்டு. அட்டைக் குழாயில் தையல் பக்கம் வெளியே தெரியும்படி சுற்றி, நடுவே வெள்ளை டிஷ்யூத் தாள் கொடுத்து, மேலே பருத்தித் துணி உறை, அதற்கு மேல் ஜிப் பை. செய்தித்தாள் வேண்டாம், மை ஒட்டும். 15-க்கு 20 அங்குலத் துண்டும் நூலும் குறிப்பேடும் சேர்ந்து 200 கிராமைச் சுற்றித்தான் வரும். இந்தியாவுக்குள் பதிவுத் தபால் 2025-இல் ஸ்பீடு போஸ்டோடு இணைந்துவிட்டது, எனவே அதில்தான் அனுப்ப வேண்டும், கண்காணிப்பு எண்ணும் அதிலேயே கிடைக்கும். குறிப்பேட்டில் ஒவ்வொருவரும் பயன்படுத்திய நூல் எண்களைப் பென்சிலால் எழுதட்டும். பின்னால் ஒரு தையல் அறுந்தால் திருத்துவதற்கு அது ஒன்றுதான் வழி.

அலசுவது உரியவரின் வேலை மட்டுமே. இடையில் யாரும் தண்ணீர் காட்டக் கூடாது. தைக்க உட்காரும் முன் கையை நன்றாகக் கழுவித் துடைக்க வேண்டும். கை லோஷனும் நகக்கண்ணில் மிச்சமிருக்கும் மஞ்சளும் வெள்ளைத் துணிக்கு ஆகாது. எல்லாம் முடிந்த பிறகு குளிர்ந்த நீரில் மென்மையான சோப்புக் கரைசலில் ஊறவையுங்கள். சாயம் இறங்குவதைப் பார்த்தால் பதறித் துணியை வெளியே எடுத்துக் காயவிடாதீர்கள், காய்ந்தால்தான் கறை பிடிக்கும். நீர் தெளியும் வரை மாற்றி மாற்றிக் குளிர்ந்த நீரிலேயே விடுங்கள். பிறகு தடித்த துண்டின் மேல் தையல் பக்கம் கீழே இருக்கும்படி விரித்து, பின்பக்கமாக இஸ்திரி போடலாம். தையல்கள் நசுங்காமல் மேலெழும்பி நிற்கும்.