கியூஜிஐஎஸ்: டேபிள் ஃபில்டரா, செலக்‌ஷனா, லேயர் ஃபில்டரா?

ஒரு லேயரில் (மேப்பின் ஓர் அடுக்கில்) பல ஆயிரம் கட்டடங்கள் இருக்கின்றன, நமக்குப் பள்ளிகள் மட்டும் போதும். கியூஜிஐஎஸ் (QGIS) என்ற மேப் மென்பொருளில் இதற்கு மூன்று வழி உண்டு, மூன்றிலும் கடைசியில் கண்ணில் படுவது ஏறக்குறைய ஒரே பட்டியல்தான். ஆனால் நாம் வடிகட்டியதை மென்பொருளின் மற்ற பகுதிகள் மதிக்குமா என்பதில்தான் வித்தியாசமே இருக்கிறது.

லேயரில் உள்ள ஒவ்வொரு அம்சத்தின் விவரத்தையும் ஒரு வரிசையாகக் காட்டும் அட்ரிபியூட் டேபிளை (எஃப்6) திறந்து அதன் கீழ் மூலையில் வைக்கும் ஃபில்டர் டேபிளோடு சரி. மேப்பில் எல்லாக் கட்டடங்களும் அப்படியே நிற்கும், எக்ஸ்போர்ட் செய்தாலும் எல்லாமே போகும். அதனால் இது வேலை செய்ய அல்ல, பார்க்க. பார்ப்பதற்கு மட்டும் என்றால் இதை அடிக்க ஆளில்லை, குறிப்பாக மேப்பில் தெரிகிற அம்சங்களை மட்டும் காட்டும் தேர்வு: மேப்பை நகர்த்த நகர்த்த டேபிளும் மாறும், புதிதாகக் கைக்கு வந்த டேட்டாவில் என்ன இருக்கிறது என்று மேய்ந்து பார்க்க இதைவிட வசதி வேறில்லை.

செலக்ட் பை எக்ஸ்பிரஷன், அதாவது நிபந்தனை எழுதித் தேர்ந்தெடுப்பது, கொஞ்சம் கனமான ஆயுதம். கியூஜிஐஎஸ்ஸின் சொந்த ஃபங்ஷன்கள் எல்லாம் இதில் ஓடும், பரப்பளவு இவ்வளவுக்கு மேல் என்றுகூடக் கேட்கலாம், தேர்வானவை மஞ்சளாகும். ஆனால் பஃபர் (அம்சங்களைச் சுற்றி குறிப்பிட்ட தூரத்துக்கு எல்லை வரைவது) போன்ற கருவியை ஓட்டும்போது 'தேர்ந்தெடுத்தவை மட்டும்' என்ற கட்டத்தை நாம்தான் டிக் செய்ய வேண்டும், மறந்தால் மொத்த லேயரும் உள்ளே போய்விடும். இன்னொரு மேப் மென்பொருளான ஆர்க்ஜிஐஎஸ் ப்ரோவில் இது தலைகீழ், செலக்‌ஷன் இருந்தால் கருவி அதைத்தான் முதலில் எடுத்துக்கொள்ளும். அங்கிருந்து இங்கே வருபவர்கள் இந்த இடத்தில் கவனமாக இருங்கள்.

என் ஓட்டு லேயர் ஃபில்டருக்குத்தான் (கண்ட்ரோல்+எஃப்). மேப், லேபிள், டேபிள், கருவிகள், எக்ஸ்போர்ட் என எல்லாமே இதற்குக் கட்டுப்படும். போஸ்ட்ஜிஐஎஸ் டேட்டாபேஸிலிருந்து வரும் லேயர் என்றால் வடிகட்டும் வேலை சர்வரிலேயே நடக்கும், வேண்டிய வரிசைகள் மட்டும் வந்து சேரும். இதற்கும் விலை உண்டு. வினவல் டேட்டா இருக்கும் இடத்துக்கே போவதால் கியூஜிஐஎஸ்ஸின் பரப்பளவு ஃபங்ஷனோ, நாம் சேர்த்த விர்ச்சுவல் ஃபீல்டோ (டேட்டாவில் இல்லாமல் கியூஜிஐஎஸ் கணக்கிட்டுக் காட்டும் ஃபீல்டு) அங்கே செல்லாது. எடிட்டிங்கை முடிக்காமல் ஃபில்டரை மாற்றவும் முடியாது. புராஜெக்ட்டோடு சேர்ந்தே சேமிக்கப்படும் என்பதால் நாலு மாதம் கழித்துத் திறந்து, பாதி டேட்டாவைக் காணோமே என்று தேடுவதற்கும் வாய்ப்புண்டு. லேயர் பெயருக்குப் பக்கத்தில் புனல் ஐகான் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

செலக்‌ஷனோ லேயர் ஃபில்டரோ, நிபந்தனையைக் கையால் எழுதினால் எல்லாரையும் கவிழ்ப்பது ஒன்றுதான்:

"வகை" <> 'பள்ளி'

பள்ளி அல்லாத எல்லாம் வரும் என்றுதானே நினைப்போம்? வகை ஃபீல்டு நல் (NULL, மதிப்பே பதியாதது) ஆக இருக்கும் கட்டடங்கள் வராது. நல்லை எதோடு ஒப்பிட்டாலும் விடை 'ஆம்' என்றும் வராது, 'இல்லை' என்றும் வராது, அதனால் அந்த வரிசை சத்தமில்லாமல் விழுந்துவிடும். அவையும் வேண்டுமென்றால் நல் ஆக இருப்பவை என்று தனியாக ஒரு நிபந்தனையை 'அல்லது' போட்டுச் சேர்க்க வேண்டும். அப்புறம் மேற்கோள் குறி: ஃபீல்டு பெயருக்கு இரட்டை, மதிப்புக்கு ஒற்றை.

பள்ளிகளும் வேண்டும், மொத்தமும் பின்னால் மங்கலாகத் தெரிய வேண்டும் என்றால் லேயரை டூப்ளிகேட் செய்து, ஒன்றில் மட்டும் ஃபில்டர் வையுங்கள். கோப்பு அதேதான், லேயர்தான் இரண்டு.