சார்ஜிங் டாக்கா, வெறும் கேபிளா?

எங்கள் வீட்டு பிஎஸ்5 (பிளேஸ்டேஷன் 5) கேம் கன்சோலுக்குக் கண்ட்ரோலர் இரண்டு. ஒன்று எனக்கு, இன்னொன்று ஞாயிறுதோறும் வேளச்சேரியிலிருந்து வரும் அக்கா மகனுக்கு. வந்து உட்கார்ந்த கையோடு, "மாமா, இதுல சார்ஜே இல்ல" என்பான். இந்தப் புலம்பல் தாங்காமல்தான் டாக் வாங்கினேன், அதாவது கண்ட்ரோலரை உட்கார வைத்தாலே சார்ஜ் ஏற்றும் தாங்கி.

கேபிளுக்குத் தனிச் செலவு இல்லை. செருகிக்கொண்டே ஆடலாம், டாக்கில் அது நடக்காது. கன்சோலை ரெஸ்ட் மோடில் (முழுதாக அணைக்காமல் உறங்கும் நிலையில்) போட்டுவிட்டுத் தூங்கினால் சார்ஜ் தானாக ஏறிவிடும். ஆனால் திருவான்மியூரில் ராத்திரி கரண்ட் ஒருமுறை போய்வந்தால் போதும், காலையில் 'கன்சோலைச் சரியாக அணைக்கவில்லை' என்று திரையில் ஒரு குட்டு. தினமும் செருகிப் பிடுங்குவதில் துளையும் தளரும். என் பழைய கண்ட்ரோலர் ஒன்றில், ஒயரை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்தால்தான் சார்ஜ் ஏறும். கையை எடுத்தால் போச்சு.

டாக் இந்தத் துளையைத் தொடுவதே இல்லை. டூயல்சென்ஸின் (பிஎஸ்5 கண்ட்ரோலரின் பெயர்) அடியில் ஹெட்போன் துளையை ஒட்டியுள்ள உலோக முனைகள் வழியாக ஏற்றுகிறது. தனி அடாப்டர் என்பதால் கன்சோல் அணைந்தே இருக்கலாம். வேகம் என்று பார்த்தால் பெரிய லாபம் இல்லை: 1560 எம்ஏஎச் பேட்டரி நிறைய எதிலும் சுமார் 3 மணி நேரம். ரிச்சி தெருவில் மலிவு டாக் வாங்குவதானால் ஒன்றைப் பாருங்கள். சிலவற்றில் குட்டி யூஎஸ்பி-சி முனையைக் கண்ட்ரோலரில் செருகி வைக்கச் சொல்வார்கள். அப்படியென்றால் துளைக்கு மறுபடியும் அதே உரசல்தான்.

டாக்கின் வம்பு எனக்குக் கடல் காற்றில் வந்தது. கண்ட்ரோலர் 'டக்'கென்று உட்காரும், ஆரஞ்சு விளக்கு மட்டும் எரியாது. உற்றுப் பார்த்தால் உலோக முனை மங்கிக் கிடக்கும். உப்புக் காற்றோடு கை வியர்வையும் சேர்ந்த வேலை. பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்துத் துணியால் துடைத்தால் சரியாகிவிடும். அப்புறம், மே மாத வெயில் விழும் ஜன்னலோரம் டாக்கை வைக்காதீர்கள். லித்தியம் பேட்டரிக்குச் சூடு ஆகாது.

எக்ஸ்பாக்ஸ்காரர்களுக்கு இந்தத் தலைவலி குறைவு. அவர்கள் கண்ட்ரோலரில் இரண்டு ஏஏ செல்லை மாற்றினால் ஆட்டம் தொடரும். ரீசார்ஜ் செல் நான்கு இருந்தால் டாக்கே வேண்டாம்.

இரண்டு கண்ட்ரோலர் உள்ள வீட்டுக்கு என் ஓட்டு டாக்குக்கே. ஒன்றுதான் என்றால் அந்தக் காசில் நல்ல நீளமான கேபிள் வாங்கிக்கொள்ளுங்கள். நானும் ஒன்றை சோபாவுக்கு அடியில் போட்டுத்தான் வைத்திருக்கிறேன், மருமகன் டாக்கில் வைக்க மறந்த நாட்களுக்காக.